ஒன்பதாவது டிஏ: ஜில் வாட்சன் நிகழ்வு ஆய்வு

கல்லூரி ஆசிரியர்களுக்கு சாட்பாட் செய்யக் கற்றுத்தரும் பயிலரங்குகளை இரண்டு வருடமாக நடத்தி வருகிறேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லோர் கையிலும் ஒரு பாட் இருக்கும். பாடத்திட்டத்தின் பிடிஎஃப்பை ஏற்ற வேண்டியது, 'நீ ஒரு பொறுமையான ஆசிரியர்' என்று நாலு வரி எழுத வேண்டியது, அவ்வளவுதான். சாப்பிட்டு வந்ததும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: இது சரியாகப் பதில் சொல்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அரங்கம் அமைதியாகிவிடும். யாராவது ஒருவர் மட்டும், "சார், மூணு கேள்வி கேட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் சொல்லுது" என்பார்.

அந்த இடத்தில்தான் ஜில் வாட்சன் கதையை எடுப்பேன். ஒரு பேராசிரியர் தன் வகுப்புக்கென்றே ஒரு பாட் செய்து, அதைப் பல வருடம் விடாமல் ஆராய்ந்தும் வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்து இந்த இரண்டு வேலையும் சேர்ந்து நடந்த மிக நீளமான நிகழ்வு இதுதான். சாட்ஜிபிடிக்கு ஆறேழு வருடம் முன்பே தொடங்கியது என்பதால், இன்றைய வசதிகள் எதை மாற்றின, எதை மாற்றவில்லை என்பதையும் இதில் தெளிவாகப் பார்க்கலாம்.

பத்தாயிரம் கேள்விகள்

இடம், அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக். 2014 ஜனவரியில் அங்கே கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை முழுக்க ஆன்லைனில் தொடங்கினார்கள். வளாகத்தில் வந்து படிப்பதோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, மொத்தப் படிப்புக்கும் சுமார் 7,000 டாலர். ஆட்கள் குவிந்தார்கள். பேராசிரியர் அசோக் கோயல் நடத்திய 'அறிவு சார்ந்த செயற்கை நுண்ணறிவு' என்ற பாடத்தில் மட்டும் ஒரு பருவத்துக்கு 300 பேர் வரை சேர்ந்தார்கள்.

வகுப்பறை இல்லாததால் மாணவர்களின் எல்லாச் சந்தேகமும் எழுத்தில்தான் வரும். பருவத்துக்குப் பத்தாயிரம் பதிவுகள். ஒரே ஆள் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் எழுதினால் ஒரு வருட முழுநேர வேலை ஆகும் என்பது கோயலின் கணக்கு. டிஏ எனப்படும் உதவி ஆசிரியர்கள் எட்டுப் பேர் இருந்தும் சமாளிக்க முடியவில்லை.

இங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். எனக்கு இந்த நிகழ்வில் மிகப் பிடித்த கட்டமும் இதுதான். மாணவர் எண்ணிக்கை கூடும்போது கேள்விகளின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் கேள்வி வகைகள் அதே வேகத்தில் கூடுவதில்லை. அசைன்மென்ட்டை எங்கே பார்ப்பது, எந்த ஃபைலாக அனுப்புவது, கடைசித் தேதி தாண்டினால் ஏற்பீர்களா என்று ஒரே கேள்விதான் ஐம்பது வேடத்தில் வந்து நிற்கிறது. நம்மூர் ஆசிரியர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் போதும்.

முதல் ஜில்

2016 ஜனவரியில் ஒன்பதாவது டிஏ வந்து சேர்ந்தார். பெயர் ஜில் வாட்சன். ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின், கேள்விகளுக்குப் பதில் தேடித் தரும் வாட்சன் தொழில்நுட்பத்தின் மேல் கட்டியதால் குடும்பப் பெயர் வாட்சன். ஐபிஎம்மை வளர்த்த தாமஸ் வாட்சனின் மனைவி பெயர் ஜில் என்று திட்டத்தில் இருந்த ஒரு மாணவர் தவறாக நினைத்திருக்கிறார், அதனால் 'ஜில்'. உண்மையில் அந்த அம்மாள் பெயர் ஜீனெட். தவறான ஒரு தகவல் ஒரு செயற்கை நுண்ணறிவுக்குப் பெயராக நிலைத்துவிட்டது!

ஜில்லுக்குப் பயிற்சித் தரவு, அந்தப் பாடத்தின் முந்தைய பருவங்களில் குவிந்திருந்த சுமார் 40,000 பதிவுகள். புதுக் கேள்வி வந்தால் பழைய கேள்விகளில் எது இதற்கு நெருக்கம் என்று தேடி, அதற்கு முன்பு மனிதர்கள் கொடுத்த பதிலை எடுத்துத் தர வேண்டும். சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருக்கும் இன்றைய மொழி மாதிரிகளைப் போல வாக்கியங்களைத் தானே உருவாக்கும் வேலை அதற்கு இல்லை.

ஆரம்பத்தில் மகா சொதப்பல். வீடியோ பாடங்களைப் பற்றிப் பேச மற்ற மாணவர்களோடு ஒரு சந்திப்பு வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 'வீடியோ பாடம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட ஜில், அந்தப் பாடங்களுக்குத் துணையாக வாசிக்க ஒரு பாடப்புத்தகத்தைப் பரிந்துரைத்தது. சொற்கள் பொருந்தின, சூழல் பொருந்தவில்லை.

கோயலின் குழு இந்தக் கட்டத்தில் செய்ததைத்தான் பயிலரங்கில் அழுத்திச் சொல்வேன். ஜில்லின் பதில்களை மாணவர்கள் பார்க்கவே விடவில்லை. டிஏக்கள் மட்டும் பார்க்கும் தனி இடத்தில் அதைப் பதில் சொல்ல வைத்தார்கள். ஒரு மனித டிஏ ஒவ்வொரு பதிலையும் வாசித்து, சரியானதை மட்டும் மாணவர்களிடம் சேர்ப்பார். தவறு எங்கே என்று பார்த்துத் திருத்திக்கொண்டே போனார்கள். தன் பதிலில் 97 விழுக்காடு உறுதி இருந்தால் மட்டுமே ஜில் வாய் திறக்கலாம், இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும் என்று ஒரு வாசல் வைத்தார்கள். மார்ச் இறுதி வாக்கில்தான் மனிதத் துணையில்லாமல் அது நேரடியாகப் பதில் போடத் தொடங்கியது.

அதாவது கிட்டத்தட்ட மூன்று மாதம் அது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நாமோ மதியம் செய்த பாட்டின் லிங்க்கை அன்று மாலையே வகுப்புக் குழுவில் போட்டுவிடுகிறோம்.

சொல்லாமல் விட்டது

ஜில் ஒரு மனிதர் இல்லை என்பது பருவத்தின் கடைசி வரை மாணவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் இறுதியில் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் ரசித்தார்கள், சிலர் அதிர்ந்தார்கள், பெயரில் 'வாட்சன்' இருப்பதைப் பார்த்து முன்பே சந்தேகப்பட்டவரும் உண்டு. அடுத்த மாதமே அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய செய்தியானது.

செய்திகள் எல்லாம் 'மாணவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்பதைத்தான் தூக்கிப் பிடித்தன. ஆய்வு என்ற முறையில் பார்த்தால் அது அவ்வளவு சுவாரசியமான முடிவு இல்லை என்பது என் கருத்து. கடைசித் தேதி எப்போது என்ற கேள்விக்கு ஒரு வரியில் வரும் பதிலை வைத்து மனிதரா இயந்திரமா என்று யார்தான் சொல்ல முடியும்? மாணவர்களிடம் மறைத்ததும் எனக்கு ஒப்பவில்லை. மறைத்தால்தான் இயல்பான நடத்தை கிடைக்கும் என்ற வாதம் புரிகிறது. ஆனால் ஒரு ஆசிரியர் தன் சொந்த மாணவர்கள் மேல் இதைச் செய்யும்போது, மதிப்பெண் போடுகிறவரும் ஆய்வு செய்கிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறார். மாணவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல இடமே இல்லை.

அடுத்த சோதனை இதைவிட நேர்மையானது. 2016இன் பிற்பாதியில் வந்த வகுப்பில், டிஏக்களில் இயந்திரமும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மனிதர்கள் உட்பட எல்லா டிஏக்களும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் இரண்டு: மாணவர்களின் அறிமுகப் பதிவுகளுக்கு வாழ்த்துச் சொல்லும் ஸ்டேசி, வழக்கமான கேள்விகளுக்குப் பதில் தரும் இயன். பருவத்தின் முடிவில் யார் யார் இயந்திரம் என்று கேட்டபோது, ஸ்டேசியைப் பாதிப் பேருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். இயனைக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. மனித டிஏக்கள் இருவரை இயந்திரம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். பாவம் அந்த இருவர்.

வாழ்த்து வராத பதிவு

பாட் நன்றாக வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பும்போதுதான் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதற்கு இந்த நிகழ்விலேயே ஒரு சான்று இருக்கிறது. அறிமுகப் பதிவுகளுக்குப் பதில் சொல்லும் பாட், தந்தையாகப் போவதாக எழுதிய ஆண் மாணவருக்கு மகிழ்ச்சியோடு வாழ்த்துச் சொன்னது. கர்ப்பமாக இருப்பதாக எழுதிய மாணவிக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

யாரும் அதற்கு அப்படிக் கற்றுத்தரவில்லை. அந்தப் படிப்பில் ஆண்களே மிக அதிகம். பயிற்சிக்குப் போன பழைய அறிமுகங்களில் ஆண்கள் எழுதும் விதம் நிறைய இருந்தது, பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதுவது குறைவாக இருந்தது. தெரியாத வகைப் பதிவு வந்ததும் பாட் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. குழுவினர் இதை மறைக்காமல் 2018இல் ஒரு ஆய்வுக்கட்டுரையாகவே எழுதினார்கள். 'நீங்கள் கர்ப்பமாக இருந்தால் ஜில் வாட்சனுக்குக் கவலையில்லை' என்பது தலைப்பின் பொருள்.

இந்தத் தவறு சரி-தவறு எண்ணிக்கையில் சிக்காது. பாட் தவறான பதில் எதுவும் சொல்லவில்லையே! சொல்லாமல் விட்ட இடங்களையும் யாராவது பார்த்தால்தான் தெரியும். பயிலரங்கில் நான் இதைச் சொல்லி முடித்ததும் ஆசிரியர்கள் தாங்களாகவே அடுத்த கேள்விக்குப் போவார்கள்: தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்டால் நம் பாட் என்ன செய்யும்?

1,500 மணி நேரம் என்ன ஆனது

முதல் ஜில்லைக் கட்ட 1,000 முதல் 1,500 மனித மணி நேரம் ஆனது. ஆராய்ச்சித் திட்டத்துக்கு அது தாங்கும், ஒரு சாதாரண ஆசிரியருக்கு முடியாது. அதனால் கோயலின் குழு அடுத்து, ஜில்களைக் கட்டித்தரும் இன்னொரு கருவியைச் செய்தது. பெயர் ஏஜென்ட் ஸ்மித். பாடத்தின் சிலபஸைக் கொடுத்தால், அதில் மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை வார்ப்புகளாக உருவாக்கி, அதை வைத்து அந்தப் பாடத்துக்கான ஜில்லுக்குப் பயிற்சி கொடுக்கும். ஆசிரியர் அதோடு பேசிப் பார்த்துத் திருத்துவார். இப்படி ஒரு புது ஜில்லைப் பத்து மணி நேரத்துக்குள் செய்ய முடிந்தது. 2020 வாக்கில், மாணவர்கள் சூழலியல் மாதிரிகளைக் கட்டிப் பார்க்கும் விரா என்ற மென்பொருளுக்குக்கூட, அதன் பயனர் கையேட்டை வாசித்துப் பதில் சொல்லும் ஒரு ஜில் வந்துவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த நவம்பரில் யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு ஜிபிடி, அதாவது தன் தேவைக்கு வடிவமைத்த சாட்ஜிபிடி, செய்துகொள்ளலாம் என்று அதன் நிறுவனமான ஓப்பன்ஏஐ அறிவித்தது. பத்து மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது. ஜில் குழுவும் சாட்ஜிபிடியைப் பின்னால் வைத்துப் புது ஜில்லைக் கட்டியது. ஆனால் சாட்ஜிபிடியைத் தன் போக்கில் பேச விடவில்லை. பாடப்புத்தகம், வீடியோ பாடங்களின் எழுத்து வடிவம், சிலபஸ் இவற்றிலிருந்து மட்டுமே பதில் வர வேண்டும். அங்கே இல்லையென்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். வந்த பதில் உண்மையிலேயே அந்தப் பகுதியில் இருக்கிறதா என்று இன்னொரு முறை சரிபார்க்கவும் வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்பதை அவர்களே அளந்து காட்டினார்கள். அதே பாடப்பொருட்களை ஓப்பன்ஏஐயின் ஆயத்த உதவியாளரிடம் கொடுத்துக் கேட்டபோது சரியான பதில்கள் சுமார் 30 விழுக்காடு. ஜில்லுக்கு, பாடப்பொருளைப் பொறுத்து 75 முதல் 97 விழுக்காடு. இரண்டின் பின்னாலும் இருப்பது ஒரே நிறுவனத்தின் மொழி மாதிரிகள். பிடிஎஃப்பை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு நான் காட்டும் முதல் எண் இது.

ஜில் இருந்த வகுப்பில் 66 விழுக்காட்டினர் ஏ கிரேடு வாங்கினார்கள், இல்லாத வகுப்பில் 62. சி கிரேடு வாங்கியவர்கள் ஜில் இருந்த வகுப்பில் 3 விழுக்காடு, இல்லாத வகுப்பில் 7 என்றும் வெளியிட்டார்கள். இதை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன். நாலு புள்ளி வித்தியாசத்தை பாட் கொண்டுவந்ததா, வேறு ஏதாவது கொண்டுவந்ததா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கிரேடு வேறு, கற்றல் வேறு என்ற பழைய தகராறு தனி.

கற்றலை அளப்பது

அந்தத் தகராறைத் தீர்க்க ஜார்ஜியா டெக்கை விட்டு ஒரு நிமிடம் துருக்கிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை மூன்று பிரிவாக்கிக் கணிதப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓப்பன்ஏஐயின் மொழி மாதிரியான ஜிபிடி-4ஓடு வெறும் உரையாடல். இன்னொரு பிரிவுக்கு அதே ஜிபிடி-4, ஆனால் ஆசிரியர்களிடம் கேட்டு எழுதிய ப்ராம்ப்ட்டோடு, அதாவது பாட்டுக்கு முன்கூட்டியே கொடுக்கும் கட்டளை வரிகளோடு: கணக்கின் சரியான விடை இது, மாணவர்கள் வழக்கமாகத் தவறு செய்யும் இடம் இது, விடையைச் சொல்லாதே, இந்தக் குறிப்பைக் கொடு. மூன்றாவது பிரிவுக்கு பாட் இல்லை.

பயிற்சியின்போது வெறும் ஜிபிடி பிரிவு 48 விழுக்காடு கூடுதலாக வாங்கியது, ஆசிரியர் வடிவமைத்த பாட் பிரிவு 127 விழுக்காடு. இத்தோடு நிறுத்தியிருந்தால் மாலை போட்டுக் கொண்டாடியிருக்கலாம். அப்புறம் பாட்டைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். வெறும் ஜிபிடியில் பழகியவர்கள், பாட்டையே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். ஆசிரியர் வடிவமைத்த பாட்டில் பழகியவர்களுக்கு அந்தச் சேதம் இல்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை. தாங்கள் குறைவாகக் கற்றதாக முதல் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தோன்றவும் இல்லை. மாணவர்களிடம் 'பிடித்திருந்ததா' என்று கூகுள் ஃபார்மில் கேட்டு ஆய்வை முடித்துக்கொள்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை வாசிக்கலாம்.

அந்த 'மாணவர்கள் வழக்கமாகத் தவறு செய்யும் இடம்' என்ற தகவல் எந்த மொழி மாதிரியிலும் இல்லை. இருபது வருடம் விடைத்தாள் திருத்தியவரிடம் இருக்கிறது. ப்ராம்ப்ட் எழுதத் தெரியாது என்று கூச்சப்படும் மூத்த பேராசிரியர்கள் என் பயிலரங்குகளில் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். இந்த ஆய்வைச் சொன்ன பிறகு இளைய ஆசிரியர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்கத் தொடங்குகிறார்கள்.

பயிலரங்கில் மாற்றியது

இந்த நிகழ்வை முன்வைத்து என் பயிலரங்கின் வரிசையையே மாற்றிவிட்டேன். முதல் அமர்வில் மடிக்கணினி கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் மாணவர்கள் உண்மையில் கேட்ட நாற்பது கேள்விகளை, கேட்டபடியே எழுத வேண்டும். "சார், ரெக்கார்டுல இண்டெக்ஸ் பேஜ் வேணுமா?", "மேம், யூனிட் த்ரீ இன்டர்னலுக்கு உண்டா?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். சுத்தமான ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு பாட் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. நாற்பதில் குறைந்தது பத்து, பாட் பதில் சொல்லக் கூடாத கேள்விகளாக இருக்க வேண்டும்: மதிப்பெண் தகராறு, உடல்நிலை, பக்கத்து மாணவரைப் பற்றிய புகார், தன்னையே வருத்திக்கொள்ளும் தொனியில் வரும் செய்தி. அங்கே பாட் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பத்தில்தான் அதிக வாக்குவாதம் நடக்கும், ஒரு முறை சாப்பாட்டு நேரத்தையே தாண்டிப் போனது.

பிறகுதான் பாட் கட்டுவது. அது ஒரு மணி நேரம்.

அடுத்து, நாற்பது கேள்விகளையும் கேட்டு, பதில்களை அச்செடுத்து, வேறு துறை ஆசிரியர் ஒருவரும் நீங்களும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். சரி, தவறு, சரிதான் ஆனால் மாணவரைக் குழப்பும், பேசியிருக்கக் கூடாது என்று நாலு கட்டம். இருவரும் ஒத்துப்போகாத பதில்களை எடுத்துப் பேசினால், பாட்டின் குறையைவிட நம் அசைன்மென்ட் தாளின் குறை பல நேரம் வெளியே வரும். ப்ராம்ப்ட்டில் ஒரு வரியை மாற்றினாலும் நாற்பதையும் மறுபடி கேட்க வேண்டும். இது யாருக்கும் பிடிப்பதில்லை. ஒரு தவறைத் திருத்தப்போய் முன்பு சரியாக இருந்த மூன்று பதில்கள் கெட்டுப்போவதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகு முணுமுணுப்பு குறைகிறது.

மாணவர்களோடு பாட் நடத்தும் உரையாடல் பதிவுகளை யார் பார்க்கலாம் என்ற பேச்சும் உண்டு. பதிவுகள் சேமிக்கப்படும், ஆசிரியர் வாசிப்பார் என்று முதல் திரையிலேயே எழுத வைக்கிறேன். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஜில்லின் முதல் வகுப்பில் நடந்ததுபோல் பருவம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளும் நிலையில் நம் மாணவர்களை வைக்க வேண்டாம். ஆய்வுக்கட்டுரைக்கு அந்தப் பதிவுகளைப் பயன்படுத்துவதென்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலை முன்பே வாங்க வேண்டும். ஒப்புதல் தராத மாணவருக்கும் அதே உதவி வேறு வழியில் கிடைக்க வேண்டும்.

கடந்த பயிலரங்கில் கலந்துகொண்ட ஒரு வேதியியல் ஆசிரியை தன் ஆய்வகப் பாடத்துக்கு ஒரு பாட் செய்து, வாரா வாரம் வெள்ளிக்கிழமை உரையாடல் பதிவுகளை வாசித்து வந்தார். ஒரு டைட்ரேஷன் பரிசோதனைக்கு முந்தைய இரவுகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: ப்யூரெட் என்ற அளவுக் குழாயின் ரீடிங்கை, திரவ வளைவின் மேல் விளிம்பில் எடுப்பதா, கீழ் விளிம்பிலா? பாட் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆசிரியை கையேட்டை எடுத்துப் பார்த்தால், செய்முறை முழுக்க விளக்கமாக இருந்தும் அந்த ஒரு விஷயம் எங்குமே இல்லை. படத்தில் மட்டும் ஒரு சின்ன அம்புக்குறி, அதுவும் ஜெராக்ஸில் அழிந்துபோயிருந்தது. கையேட்டில் ஒரு வரி சேர்த்து, படத்தை மறுபடி வரைந்து ஒட்டினார். அடுத்த அணிக்கு அந்தப் பரிசோதனை வந்தபோது பாட்டிடம் அந்தக் கேள்வி வரவில்லை.